மிச்சம் சொந்த விசயம்

"பற்றிமா அக்கா, நீங்கள் வேணுமெண்டு செய்யிறியளோ, இல்லாட்டித் தெரியாமல் செய்யிறியளோ?"

வந்ததும் வராததுமாய் அலோசியஸ் சீறினான்.

ஜேர்மனியின் எசன் நகரத்தில் ஓர் அகதிகள் உதவிச் சங்கம். அதன் நிலவறை முழுக்க, எண்பதுகளில் இலங்கையிலிருந்து வந்து இறங்கின எங்கட சனத்தின் அகதி வழக்குக் கோப்புகள். அதுகளை ஸ்கேன் பண்ணி சேர்வரில் ஏற்றுவது பற்றிமா அக்காவுக்கும் இன்னும் மூன்று பேருக்கும் வேலை. அந்தச் சேர்வரைக் கட்டி மேய்க்கிறவன் அலோசியஸ். ஏற்றி முடிந்தால், உரியவர்கள் வீட்டிலிருந்தே தங்கட கோப்பைத் திறந்து பார்க்கலாம். ஏறினாலும் ஏறாவிட்டாலும் காகிதங்களை அரைக்கிற வண்டி இன்றைக்குப் பன்னிரண்டு மணிக்கு வருகிறது.

இப்போது பத்து மணி.

"நான் என்ன செய்தனான் தம்பி?"

"மற்ற மூண்டு பேரும் ஏத்துறது வழுக்கிக்கொண்டு போகுது. உங்கட மட்டும் நானூற்றிப் பதின்மூண்டு எண்டு திரும்பி வருது. பொதி பெரிசு, உள்ள விடேலாது எண்டு அர்த்தம். இருபது எம்பி எண்டு இருந்த அளவை நேற்று நூறாக்கி விட்டனான். அப்பவும் வருது!"

"நூறாக்கினா ஏன் திரும்பி வருது?"

அதுதான் அவனுக்கும் விளங்கவில்லை. விளங்காததில்தான் பாதிக் கோபம்.

"அதை விடுங்கோ. உங்கட கோப்பு ஏன் இவ்வளவு கொழுத்துக் கிடக்குது? ஜேர்மன் தாளை மட்டும், கறுப்பு வெள்ளையில போடச் சொன்னது. நீங்கள் கலர்ல, ரெண்டு பக்கமும் போடுறியள். சங்கத்துப் பொறுப்பாளர் லேமான் அம்மா சொல்லிப்போட்டா, ஏறாததை அப்பிடியே அரைக்கக் குடுக்கட்டாம்."

அக்கா ஒரு கோப்பை அவன் பக்கம் தள்ளினா.

உள்ளே வெங்காயச் சருகு மாதிரி மெல்லிய எயார்மெயில் தாள்கள். நீல மை மங்கி, மறுபக்க எழுத்து இந்தப் பக்கம் ஊறிக் கிடந்தது. எண்பத்தாறாம் ஆண்டுத் தேதி.

"தமிழ்க் கடிதம் ஏன் வழக்குக் கோப்பில?"

"ஊரில ஆபத்தெண்டு காட்டுறதுக்குச் சாட்சியாக் குடுத்தவை. வீட்டிலயிருந்து வந்த ஒரே கடிதத்தைத் தூக்கிக் குடுத்திட்டு, ஒருதரும் போட்டோக் கொப்பி எடுத்து வைக்கேல்லை. கறுப்பு வெள்ளையில போட்டா இந்த மை தெரியாது தம்பி."

அலோசியஸ் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தான்.

எட்டு வயதில் அவன் இருந்த அகதி முகாம் அறை நினைவுக்கு வந்தது. கடிதம் ஒருவருக்குத்தான் வரும். இரட்டைத் தட்டுக் கட்டிலில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு எட்டுப் பேர் கேட்பினம். "அந்த மழை பெய்ததை இன்னொருக்கா வாசி அண்ணை" என்பார் ஒருவர். அவருக்கும் கடிதம் வந்த அந்த வீட்டுக்கும் ஒரு தொடர்பும் இராது.

மெல்ல வாசித்தான்.

'ஆமிக்காரர் வந்து வேலியைப் பிரிச்சுப்போட்டாங்கள். பக்கத்து வீட்டில ரெண்டு பேரைப் பிடிச்சுக்கொண்டு போயிட்டாங்கள். நீ இப்ப வராதை. அங்க குளிராம், ரெண்டு சட்டையாப் போடு. உன்ர சைக்கிளை ஒருத்தரையும் தொட விடேல்லை. கிழமைக்கு ஒருக்கா நானே காத்தடிச்சு வைக்கிறன்...'

ஆறு பக்கம்.

பின்னால் குத்தியிருந்த ஜேர்மன் மொழிபெயர்ப்பைப் புரட்டினான். நாலே வரி. ஆமி, வேலி, இரண்டு பேர். கடைசியில்: 'மிச்சம் சொந்த விசயம். வழக்குக்குத் தேவையில்லை.'

அவனுக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"எந்தக் கல்நெஞ்சு பிடிச்சது அக்கா மொழிபெயர்த்தது? எங்கட ஆளாத்தானே இருக்க வேணும்? சைக்கிள் எங்க? ரெண்டு சட்டை எங்க? மனுசரோ இதுகள்!"

"நேரம் போகுது தம்பி. ஏத்த வழி இருக்கோ பாரும்."

அலோசியஸ் சேர்வரின் பதிவைத் திறந்து ஒவ்வொரு வரியாய்ப் பார்த்தான். அளவைக் கூட்டின மென்பொருளில் அக்காவின் கோப்பு வந்து சேர்ந்த தடமே இல்லை. நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"வீட்டு வாசலைத்தான் அகலமாக்கினனான் அக்கா! அதுக்கு முன்னால, தெருப் படலையடியில இன்னொரு சேர்வர் காவல் நிக்குது. அதுக்குச் சொல்ல மறந்திட்டன். அது இப்பவும் இருபதுக்கு மேல விடமாட்டன் எண்டு நிக்குது."

அங்கேயும் நூறு என்று மாற்றித் திரும்ப இயக்கினான்.

"இப்ப பட்டனை அமத்துங்கோ."

பச்சைக் கோடு நகர்ந்தது. நடுவில் நின்றது. பிறகு கடகடவென்று போய் முடிந்தது.

"ஏறிட்டுது!"

வரிசையில் தேங்கி நின்ற நாற்பத்தொரு கோப்பும் ஒன்றன் பின் ஒன்றாய் ஏறத் தொடங்கின. பதினொன்றரைக்கு எல்லாம் முடிந்தது.

"லேமான் அம்மாவுக்கு நான் சொல்லிக்கொள்ளுறன்," என்று எழும்பினான் அலோசியஸ். "ஆனா அக்கா, அந்த நாலு வரி எழுதின ஆளை மட்டும் ஒருநாள் நேரில கண்டு நல்லாக் கேக்க வேணும்."

பற்றிமா அக்கா அந்த ஜேர்மன் தாளைத் திருப்பி, அடியில் இருந்த கையெழுத்தில் விரலை வைத்தா.

"கேளும் தம்பி. அப்ப எனக்கு இருபத்திரண்டு வயசு. ஆபத்தைச் சொல்லுற வரியை மட்டும் எழுது எண்டு அகதிக் கந்தோரில சொன்னாங்கள், எழுதினனான். மிச்சத்தை இப்பதான் அனுப்புறன்."