கேம் ஓடக் கூடாது

"தம்பி, இதுல கேம் ஓடணும்" என்று கம்ப்யூட்டரை மேஜை மேல் வைத்தாள் அந்தத் தாய்.

மெக்கானிக்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று மாதத்துக்கு முன்னால், "என் பொண்ணு எந்நேரமும் கேமே கதின்னு கிடக்கிறா. கேம் ஓடாதபடி விண்டோஸை எடுத்துட்டு லினக்ஸ் போட்டுக் குடுங்க" என்று கேட்டு வாங்கிப் போனவள் இவள்தான்.

"கடைசியில பொண்ணு ஜெயிச்சிட்டாளாக்கா?"

அவள் கம்ப்யூட்டரை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"கவலைப்படாதீங்க. இப்பல்லாம் லினக்ஸ்லயே முக்காவாசி கேம் ஓடுது. உங்க கிராபிக்ஸ் கார்டுக்குச் சரியான டிரைவர் சாஃப்ட்வேர் போட்டாப் போதும்."

ஒரு மணி நேரத்தில் கார் பந்தயம் திரையில் சீறிக்கொண்டு ஓடியது.

"கீபோர்டு, மவுஸ் வீட்ல இருக்குல்ல?"

"இருக்கு. ஆனா... கேம் போனதும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு மூலையில உக்கார்ந்துட்டா. வெளிய போய் நாலு பேரோட விளையாடுடின்னு நான்தான் சைக்கிளைக் குடுத்து விரட்டினேன். தெருமுனையில ஒரு லாரி..."

மெக்கானிக்கின் கை அப்படியே நின்றது.

"உயிர் பிழைச்சிட்டா, தம்பி. ஒத்தக் கையாலயே ஆடுற மாதிரி ஏதாவது இதுல வேலை செய்யுமா?"