சீட்டில் யாரோ

“ஊர் உலகத்துல உனக்கு மட்டும்தான் முதுகு இருக்கா?” என்றாள் நாத்தனார், குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டபடி.

அவள் இடுப்பைப் பிடித்தபடி கைப்பையை எடுத்துக்கொண்டாள். பகலெல்லாம் குழந்தையைப் பார்த்துக்கொள்வது நாத்தனார்தான். எதிர்த்துப் பேச முடியுமா?

பிரசவத்தோடு வந்து ஒட்டிக்கொண்ட வலி. ஆபீசுக்குப் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். ஓட்டை வண்டியில் குலுங்கிக் குலுங்கிப் போய், இறங்கும்போது நிமிரவே முடிவதில்லை. முதுகு தாங்குகிற காராக ஒன்று கிடைக்காவிட்டால் வேலையை விடுவதைத் தவிர வழியில்லை.

பழைய கார் வியாபாரியின் ஷெட்டில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினாள். ஒன்றில் சீட் பள்ளம் விழுந்திருந்தது. இன்னொன்றில் கிளட்சை மிதித்தாலே இடுப்பில் சுரீர் என்றது. சாம்பல் நிறக் காரில் உட்கார்ந்ததும், பின்னாலிருந்து யாரோ கையால் தாங்கியது போலிருந்தது.

“ஒரு அம்மா வெச்சிருந்த வண்டி. சாகிற வரைக்கும் அவங்கதான் ஓட்டினாங்க,” என்றார் வியாபாரி. “ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க. சரிப்பட்டா பேசிக்கலாம்.”

இரண்டு சாவி கொடுத்தார். ஒன்று அவள் கைப்பையில். இன்னொன்று சமையலறை ஆணியில்.

மறுநாள் பொழுது விடியும் நேரம். வெளியே பல்லைக் கிட்ட வைக்கும் குளிர். கதவைத் திறந்து உட்கார்ந்தவள், துள்ளி எழுந்தாள்.

சீட் வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி.

பக்கத்து சீட்டைத் தொட்டுப் பார்த்தாள். ஐஸ்கட்டி. ஓட்டுகிற பக்கத்துக் கண்ணாடி மட்டும், உள்ளே மூச்சுப்பட்டு மங்கியிருந்தது.

“எஞ்சின் சூடா இருக்கும்,” என்றான் கணவன், போர்வைக்குள்ளிருந்து.

“ராத்திரி பூரா நின்ன வண்டிங்க!”

“அப்ப பேய்தான். பெட்ரோல் செலவுல பாதி கேளு.”

அடுத்த நாளும் அதே சூடு. லேசான ரப்பர் வாடை வேறு. அதற்கடுத்த நாளும்.

வலி குறைந்துகொண்டே வந்தது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. செத்துப்போன அந்த அம்மா எதற்காக என் முதுகைப் பிடித்துவிட வேண்டும்? பதிலுக்கு என்ன கேட்பாள்? நினைக்கும்போதே கண் தொட்டில் பக்கம் போனது.

நாத்தனாரிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.

“பிள்ளைய மடியில வெச்சுக்கிட்டுப் பேசுற பேச்சா இது? நேரமாச்சு, கிளம்பு!” நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்றே சாம்பல் காரைத் திருப்பிக் கொடுத்தாள். “வேற ஏதாவது குடுங்க. யாரும் சாகாத வண்டியா பார்த்து.”

வியாபாரி ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, ஒரு வெள்ளைக் காரின் இரண்டு சாவிகளை நீட்டினார். “கம்பெனி வண்டிம்மா. ஷோரூம்லேருந்து நேரா ஆபீஸ், ஆபீஸ்லேருந்து நேரா இங்க.”

சீட் கொஞ்சம் கெட்டிதான். பரவாயில்லை, நிம்மதியாகத் தூங்கலாம்.

விடிந்ததும் வெள்ளைக் காரின் கதவைத் திறந்தாள். சீட்டில் கை வைத்தாள்.

வெதுவெதுப்பு.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அப்படியானால் அது காரோடு வந்ததில்லை. அவளோடு வந்தது.

மறுநாள் அலாரம் அடிக்குமுன்பே விழிப்புத் தட்டிவிட்டது. சிணுங்கிய குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் திரையை விலக்கினாள்.

காருக்குள், ஓட்டுகிற சீட்டில், தலையோடு கழுத்தோடு கறுப்புச் சால்வை சுற்றிய ஓர் உருவம். அசையாமல் உட்கார்ந்திருந்தது.

அப்போதுதான் குழந்தை அந்த உருவத்தைப் பார்த்துப் பொக்கை வாயைத் திறந்து சிரித்தது. தூக்கு என்பது போல இரண்டு கையையும் நீட்டியது.

என் பிள்ளையைக் கூப்பிடுகிறாளா?

எங்கிருந்துதான் அந்த வெறி வந்ததோ! குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு, பள்ளிக்கூடத்து சிஸ்டர் சொல்லிக் கொடுத்த ஜெபத்தைப் பாதி மறந்து பாதி முணுமுணுத்தபடி ஓடினாள். கார்க் கதவைப் பிடித்து இழுத்தாள்.

உருவம் திரும்பியது.

நாத்தனார்!

முதுகுக்கும் சீட்டுக்கும் நடுவே ஒரு ரப்பர் வெந்நீர்ப் பை. அது சரியாமல் அழுத்திச் சாய்ந்திருந்தாள்.

“அண்ணி… நீங்களா?”

“என்ன முழிக்கிற? சில்லுன்னு கிடக்கிற சீட்டுல சாஞ்சா உனக்கு முதுகு பிடிச்சுக்குது. ராத்திரி பூரா முனகுற. பக்கத்து ரூம்ல மனுஷி தூங்க வேணாமா?”

“நான் பேய்னு பயந்து செத்தேனே! சொல்லியிருக்கக் கூடாதா அண்ணி?”

“விடிஞ்சா அடைஞ்சா உன்னைத் திட்டுறவ, எந்த மூஞ்சியோட சொல்லுவேன்? பிள்ளைக்குப் பனி படுது, உள்ள போ. இன்னும் சூடு ஏறல.”

அவள் நகரவில்லை. கண் நிறைந்துவிட்டது.

நாத்தனார் முறைத்தாள். “இன்னொண்ணு. எந்தக் கார வேணா வாங்கித் தொலை. சாவி மட்டும் ரெண்டு இருக்கணும்.”