ஒற்றை நாற்காலி

வீடு முழுக்கத் தேடியும் ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது.

கைப்பிடி வைத்த மர நாற்காலி. அதில் போட்டிருந்த மெத்தை நேற்றுத்தான் கடையிலிருந்து வாங்கி வந்தது போல் இருந்தது.

செத்துப்போன அக்காவின் வீட்டைக் காலி செய்ய வந்திருந்த தம்பிக்கு வயது அறுபத்திரண்டு. அறுபத்திரண்டானால் என்ன, அக்காவுக்குத் தம்பி தம்பிதான். சுவரில் சாய்ந்து நின்று அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாற்காலி என்றால் ஒரு ஆள். ஒரு ஆள் என்றால் பேச்சுத்துணைக்குக் கூட நாதியில்லை. அவர் புத்திக்கு அப்படித்தான் பட்டது.

அக்கா முப்பது வருடம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவள். கல்யாணம் வேண்டாம் என்றாள். யார் வீட்டிலும் போய் ஒண்ட மாட்டேன் என்றாள். மாதாமாதம் போனில், தனியாகக் கஷ்டப்படாமல் இங்கேயே வந்துவிடு என்று இவர் சொல்வார். நீ எப்போது வருகிறாய், அதைச் சொல் என்று அவள் சிரிப்பாள். அடுத்த மாதம் என்பார். பதினோரு வருடம் அடுத்த மாதமாகவே ஓடிப்போனது.

அடக்கத்துக்குக் கூட்டம் வந்ததென்னவோ உண்மை. தெருவே அடைத்துக்கொண்டது. சாவுக்கு வந்தவர்கள் உயிரோடு இருந்தபோது ஒருநாளாவது எட்டிப் பார்த்திருப்பார்களா என்று மனதுக்குள் திட்டினார். திட்டி முடித்ததும் அதே கேள்வி திரும்பி வந்து இவர் முன்னாலேயே நின்றது.

அதற்கு மேல் நாற்காலியைப் பார்க்கத் தாங்கவில்லை. தூக்கிக்கொண்டு போய் வாசலுக்கு வெளியே வைத்தார். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. நான்கு மணிக்குக் கதவைத் தட்டினார்கள்.

மருந்துக்கடைக்காரர் நின்றிருந்தார். அக்குளில் ஒரு மடக்கு நாற்காலி. அவருக்குப் பின்னால் தையல்கார அம்மா, பிளாஸ்டிக் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு. முடிவெட்டுகிறவர் கடை ஸ்டூலோடு வந்தார். படிக்கட்டில் இன்னும் பல நாற்காலிக் கால்கள் மேலே ஏறிக்கொண்டிருந்தன.

அவரவர் இடம் அவரவருக்குத் தெரிந்திருந்தது. ஐந்தே நிமிடத்தில் கூடம் நிறைந்துவிட்டது.

தம்பி திருதிருவென்று விழித்தார்.

"ஞாயித்துக்கிழமைன்னா நாங்க வந்துடுவோங்க," என்றாள் தையல்கார அம்மா. "நாற்காலி இல்லாம வந்தா அக்கா உள்ள விட மாட்டாங்க. தூக்கிட்டு வந்தவன்தான் மறக்காம தூக்கிட்டுப் போவான், என் வீட்டுலயே டேரா போட மாட்டான்னு சொல்லுவாங்க."

கூடம் சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் மூக்கை உறிஞ்சும் சத்தங்கள் கேட்டன. அங்கிருந்த எல்லோருக்கும் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். மருந்துக்கடைக்காரர் முதல் நாளே பால் பூத்தில் வண்டியை இடித்த கதையை ஆரம்பித்தார். எல்லோருக்கும் மனப்பாடமான கதைதான், ஆனாலும் யாரும் தடுக்கவில்லை.

அக்கா தனியாக இருக்கவில்லை. தம்பிக்குப் பல நாள் கழித்து மூச்சு சீராக வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரும் சிரித்தார். அந்தக் கூடத்தில் அவர் ஒருவர்தான் நின்றுகொண்டிருந்தார்.

அக்கா எங்கே உட்காருவாள் என்று கேட்டார். ஏழெட்டுக் கைகள் ஜன்னல் விளிம்பைக் காட்டின. அங்கே நடுவில் குழிந்துபோன ஒரு பழைய தலையணை கிடந்தது.

அப்போதுதான் டாக்ஸிக்காரர் உள்ளே வந்தார். ஒரு கையில் தன்னுடைய முக்காலி. இன்னொரு கையில் வாசலில் கிடந்த மர நாற்காலி. யார் இதை வெளியே போட்டது என்று முணுமுணுத்தபடி அதைக் கூடத்து நடுவில், ஜன்னலைப் பார்க்க வைத்தார்.

தையல்கார அம்மா எழுந்து வந்து தன் முந்தானையால் மெத்தையைத் துடைத்தாள்.

"உக்காருங்க. இதுல எங்க யாரையும் உக்கார விட்டதில்ல. தம்பி அடுத்த மாசம் வர்றான்னு சொல்லுவாங்க."