தப்பான கடவுச்சொல்

ஆறு வருஷமாக மனைவி ஓர் ஊரிலும் தான் ஓர் ஊரில் லாட்ஜிலுமாகக் குடித்தனம் நடத்திய தவசிமுத்து வாத்தியார், அன்று ஐந்து மணிக்குள் இணையத்தில் இடமாறுதல் கேட்டாக வேண்டும். லாட்ஜ் வைஃபையில் கல்வித்துறைப் பக்கம் திறந்தது. போனில் மனைவி செல்வக்கனி. ஒரு கம்பெனியின் நெட்வொர்க்கைக் காவல் காப்பவள்.

“முதல்ல தப்பான பாஸ்வேர்டு போடுங்க.”

“அது எனக்குக் கைவந்த கலையாச்சே.”

போட்டார். ‘நல்வரவு’ என்றது பக்கம். மாமனார் வீட்டில்கூட அவருக்கு இவ்வளவு சுலபமாக வரவேற்பு கிடைத்ததில்லை.

“ஐயையோ, தப்பானதையும் ஏத்துக்குதுன்னா அது போலிங்க! உங்க போன் அந்தப் பக்கத்தோட பேரைச் சொல்லி வழி கேக்குது, லாட்ஜ் வைஃபை வேற வீட்டைக் காட்டுது. வழியை நம்பிக்கையான இடத்துல, நடுவுல யாரும் மாத்த முடியாம பூட்டுப் போட்டுக் கேக்குற செட்டிங் இருக்கு. சொல்றேன், மாத்துங்க.”

மாற்றினார். அதே பெயர், அதே பக்கம், அதே தப்பான பாஸ்வேர்டு. ‘கடவுச்சொல் தவறு’ என்று சிவப்பில் விழுந்தது. தப்பு என்ற சொல் இத்தனை இனிக்கும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. ஆசை தீர இன்னொரு தடவையும் தப்பாகவே போட்டார்.

“மணி நாலே முக்கால். ஊர் வந்து சேர்ற எண்ணம் இருக்கா, இல்லையா?”

அதையும் இன்னொரு தடவை கேட்க வேண்டும் போலிருந்தது. சரியான எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தட்ட ஆரம்பித்தார்.