சுண்ணாம்புக் கோடு

அவள் பந்தைப் பார்ப்பதில்லை. அவன் காலைத்தான் பார்ப்பாள்.

பெஞ்சிலிருந்து எழுந்தான். தொப்பியை இடதுகையால் சரிசெய்தான். மைதானத்தின் விளிம்பில் போட்டிருந்த சுண்ணாம்புக் கோட்டுக்கு அருகே வந்ததும் ஒரு சின்னத் தாவல்.

தாண்டிவிட்டான்.

பேஸ்பாலில் பந்து எறிகிறவர்கள் அந்தக் கோட்டை மிதிக்க மாட்டார்கள். மிதித்தால் அடுத்த ஆட்டம் நாசமாகிவிடும் என்று ஒரு பயம். மற்றவர்களுக்கு அது மைதானத்தோடு சரி. இந்த மகராசனுக்கு விமான நிலையத்தில் வரிசைக்குப் போட்ட கோடும் ஆகாது. கல்யாணத்தன்று தேவாலய வாசலில் புதிதாக வெள்ளைக்கோடு அடித்திருந்தார்கள். கோட்டும் சூட்டுமாக அதையும் தாவித்தான் வந்தான். மாப்பிள்ளைக்குக் காலில் ஏதோ கோளாறு என்று அவளுடைய அம்மா பயந்தே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பார்கிசிமெத்தோ நகரத்து வெயில் மண்டையைப் பிளந்தது. மேளக்காரர்கள் ஓயவில்லை.

"சிரினோஸ்! சிரினோஸ்!"

அரங்கமே அவன் பெயரைக் கத்தியது.

காலையில் அவனுக்கு அவள்தான் தலை வாரிவிட்டாள். வலதுகை காதுக்கு மேல் எழவில்லை. மைதானத்துக்கு வந்து, ஊசி போட்டு, தேய்த்துச் சூடேற்றிய பிறகுதான் அந்தக் கை அவன் பேச்சைக் கேட்டது.

இன்னும் ஒரு பருவம் ஆடினால் அப்புறம் பேரப்பிள்ளையைக்கூட இந்தக் கையால் தூக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அணிக்காரர்களோ அடுத்த வருஷத்துக்கும் கூப்பிட்டிருக்கிறார்கள்.

பார்க்கலாம் என்றான்.

அந்தப் 'பார்க்கலாம்' ஒரு வாரமாக அவளை அரித்தது. கேட்கவும் முடியாது. எறியப்போகிற நாளில் அவனிடம் யாரும் எதுவும் கேட்கக் கூடாது. அது அந்த வீட்டுச் சட்டம். நல்ல சட்டம்.

மைதான நடுவே பந்து எறிவதற்கான மேட்டில் ஏறி நின்றான். எறிந்தான்.

அழகு. என்ன கோபம் இருந்தாலும் அவன் எறிவது அழகு. அதை அவளால் மறுக்க முடியாது.

கடலோரத்து மீனவர் குடியிருப்பில் சோடா மூடியை எறிந்து பழகிய கை. பதினாறு வயதில் அமெரிக்காவுக்குப் போனான். பாஷை தெரியாது. 'சிக்கன்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் சாப்பிட்டான். இருபது வருஷம் அங்கே எறிந்தான். அணிகள் மாறின, தோளை இரண்டு முறை கத்தி வைத்துத் திறந்தார்கள், இனி எழமாட்டான் என்று பத்திரிகைகள் எழுதின. எழுதியவர்களின் முன்னாலேயே திரும்பி வந்து நின்றான். கடைசியில் சொந்த நாட்டு ரசிகர்களுக்கு முன்னால் ஆட வேண்டும் என்று இங்கே வந்தான்.

இப்போது பழைய வேகம் இல்லை. மெதுவான பந்துதான் இருக்கிறது. கை முழுவேகத்தில் சுழலும், பந்து மட்டும் கல்யாண வீட்டுப் பெரிய மாமா மாதிரி சாவகாசமாக வரும். மட்டைக்காரன் அதற்குள் வீசி முடித்திருப்பான்.

எட்டாவது சுற்றில் தோளை ஒருமுறை குலுக்கினான். யாருக்கும் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது.

அணியின் மேனேஜருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மேட்டை நோக்கி நடந்து வந்து கையை நீட்டினார். மேனேஜர் கை நீட்டினால் எறிபவர் பந்தைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

அவன் பந்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

எப்போதும் செய்வதுதான். அரங்கம் இதற்காகவே காத்திருந்தது.

"கொடுக்காதே! கொடுக்காதே!"

அவள் பக்கத்து இருக்கையில் வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்த தடித்த ஆள் இருக்கைமேல் ஏறி நின்றே கத்தினார்.

கொடுத்துத் தொலையேன் என்று அவள் பல்லைக் கடித்தாள்.

மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டு திரும்பிப் போனார்.

இவன் நிறுத்தமாட்டான். கை கழன்று விழுந்தாலும் பொறுக்கி எடுத்து எறிவான்.

ஒன்பதாவது சுற்று. கடைசி மட்டைக்காரன். சிரினோஸின் பாதி வயதுகூட இருக்காது. காளை மாதிரி நின்றான்.

கை சுழன்றது.

மட்டை வீசி முடிந்தது. வீசிய வேகத்தில் அந்தப் பிள்ளை ஒற்றை முழங்காலில் விழுந்தான்.

பந்து அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது.

எதிரணிக்காரர்கள்கூட எழுந்து நின்று கைதட்டினார்கள். விழுந்தவன் எழுந்து தன் ஹெல்மெட்டைக் கழற்றினான். அவளும் தட்டினாள். என் புருஷன் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.

அவன் மேட்டிலிருந்து இறங்கினான். வலதுகை தொங்கியபடியே வந்தது.

அவள் காலைப் பார்த்தாள்.

கோட்டுக்கு முன்னால் நின்றான். இங்கேதான் தாவுவான்.

தாவவில்லை.

இடதுகாலை எடுத்துக் கோட்டின் மேல் வைத்தான். வலதுகாலையும் வைத்தான். நன்றாக ஊன்றி நின்றான். ஷூ நுனியால் அந்தச் சுண்ணாம்பை மெல்லத் தேய்த்தான். பிறகு தலையைத் தூக்கி, அவள் உட்கார்ந்திருந்த வரிசையில் கண்ணை ஓட்டி அவளைத் தேடினான்.

மேளம் நின்றது.

"அய்யய்யோ, மிதிச்சுட்டானே!" பக்கத்து இருக்கைக்காரர் வேர்க்கடலைப் பொட்டலத்தை நழுவவிட்டார். "அடுத்த ஆட்டம் போச்சே!"

"போகட்டும்" என்றாள் அவள்.

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.