இரும்புப் பாலத்தில் ஒரு குடை

போர்ட்டோ நகரத்துப் பாலங்களையும் தன் அச்சுக்கடை இருக்கும் ஆற்றங்கரைத் தெருவையும் லியோனில்டே ஒரே படமாக வரைந்து, அறுபது பிரதிகள் அச்சிட்டாள். ஆட்கள் யாரையும் அவள் வரையவில்லை.

முதல் பிரதியை மீன்கடை அன்செல்மோ வாங்கி, படத்தை உற்றுப் பார்த்தார். "அக்கரையிலேருந்து குடை பிடிச்சு வர்றாரே, உன் வீட்டுக்காரரா?"

"எனக்கு ஏது வீட்டுக்காரர்? ஈ எச்சமா இருக்கும், துடைச்சு விடுங்க."

அவர் போனதும் மீதிப் பிரதிகளை எண் வரிசைப்படி தரையில் பரப்பினாள். இருபதாவதில் குடைக்காரர் இரும்புப் பாலத்தின் நடுவில் இருந்தார். நாற்பதாவதில் இக்கரைக்கு வந்திருந்தார். ஐம்பதாவதில் அவள் தெருப் படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்தார். அறுபதாவதில் அவள் கடை வாசலில் நின்று குடையை மடக்கினார்.

வெளியே நல்ல வெயில். முகம் எப்படி இருக்குமோ என்று நினைத்தபடி லியோனில்டே எழுந்துபோய், அவர் தட்டுவதற்கு முன்பே கதவைத் திறந்தாள்.