ஆல்தோவுக்குப் பின்னாடி பட்

"ஆல்தோன்னு ஆரம்பிச்சா நடுவுல பட் வரக் கூடாதுன்னு எத்தனை தடவ சொல்றது?"

சிவப்பு விளக்கில் ஸ்கூட்டர் நின்றிருந்தது. அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து பைக்காரர் ஹெல்மெட்டைத் தூக்கிப் பார்த்தார். பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி மட்டும் அசரவில்லை.

"மறந்துடுச்சுங்க. இன்னொரு தடவ சொல்லுங்க."

அவருக்கு மண்டை காய்ந்தது. பரீட்சைக்கு இருபது நிமிஷம்தான் இருந்தது. மூன்று மாதமாகத் தொண்டை வற்றக் கத்தியும் தொடங்கிய இடத்திலேயே நிற்கிறாளே என்று எரிச்சல். இந்த இங்கிலீஷ் சர்டிஃபிகேட்டை வாங்கிவிட்டால் ஆஸ்பத்திரி வரவேற்பறையில் தனக்கு வேலை நிச்சயம் என்று அவள் சொல்லியிருந்தாள். அது கிடைத்தால்தான் அவர் லிஃப்ட் மெக்கானிக் வேலையை விட முடியும். முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன, இனியும் ஏணி ஏறினால் நடமாட்டமே நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதே சர்டிஃபிகேட் இருந்தால் அவருக்கே கம்பெனியில் நாற்காலியில் உட்காரும் சூப்பர்வைசர் வேலை கிடைத்திருக்கும். இரண்டு தடவை எழுதினார், இரண்டு தடவையும் கோட்டைவிட்டார். இனி அந்தப் பரீட்சை பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று புத்தகத்தைப் பரணில் வீசினார். அதைத் தூசி தட்டி எடுத்து வந்த மனைவி, தான் எழுதுவதாகவும், அவர்தான் சொல்லித் தர வேண்டும் என்றும் கேட்டாள். அவள் முன்னால் முழிக்கக் கூடாதே என்று, அன்றன்றைய பாடத்தை மதிய இடைவேளையில் லிஃப்ட் மெஷின் ரூமில் உட்கார்ந்து உருப்போட்டுவிட்டு வருவார்.

பச்சை விழுந்தது.

"லிஃப்ட்டுக்கு ரெண்டு பக்கமும் கதவு இருக்கு. ஒரு கதவு திறந்திருந்தா இன்னொண்ணு மூடியே இருக்கணும். ஆல்தோ ஒரு கதவு, பட் ஒரு கதவு. புரியுதா?"

"புரியுது. டெஸ்பைட் ஆஃப் த ரெயின்..."

"டெஸ்பைட்டுக்கு எதுக்கு ஆஃப்? அது இன் ஸ்பைட்டோட சொத்து. அத ஏன் இங்க தூக்கிட்டு வர்ற?"

ஹவெவருக்கு முன்னால் முற்றுப்புள்ளி வைத்து, பின்னால் கமா போடச் சொன்னால், இரண்டையும் இடம் மாற்றிப் போட்டாள். ஸ்கூட்டரை அப்படியே திருப்பி வீட்டுக்கு விட்டுவிடலாமா என்று தோன்றியது அவருக்கு. வேராஸுக்கு ஒரு உதாரணம் கேட்டார்.

"மை ஹஸ்பண்ட் ஷௌட்ஸ், வேராஸ் ஐ லிசன்."

"என்னைத் திட்டறதுன்னா மட்டும் தப்பே வராதே உனக்கு."

பரீட்சை மையத்தின் வாசலில் இறங்கியதும், கடைசியாக ஒரு முறை எல்லாவற்றையும் சொல்லிவிடச் சொன்னாள். தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். ஆல்தோவில் தொடங்கி டெஸ்பைட், ஹவெவர், வேராஸ் வரை, ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக இரண்டிரண்டு உதாரணத்தோடு, மூச்சுவிடாமல். அவள் வாய்க்குள் எதையோ எண்ணிக்கொண்டே வந்தாள்.

"இது கூடவா மண்டையில ஏறல?" என்றார்.

"ஏறிடுச்சுங்க" என்றாள் முதல் முறையாக.

கேட்டில் நின்ற அலுவலரிடம் ஹால் டிக்கெட்டை நீட்டினாள். அலுவலர் அதைப் பார்த்துவிட்டு, நிமிர்ந்து கணவரைப் பார்த்து, "சீக்கிரம் உள்ள போங்க சார், மணி ஆயிடுச்சு" என்றார்.

"நான் இல்ல சார். எழுதப் போறது இவங்க."

அலுவலர் அவளைப் பார்த்து வணக்கம் வைத்தார்.

"மேடம் எதுக்கு சார் மறுபடி எழுதணும்? போன வருஷமே இந்த சென்டர்ல அவங்கதான் முதல் மார்க்கு. ஹால் டிக்கெட்ல இருக்கறது உங்க போட்டோதானே?"